ஷேருவுக்குக் கொடுத்த காளான்

ஏஷியாட் விளையாட்டுப் போட்டி நடந்து முடிந்த அடுத்த வருஷம், ஆவணி மாதம். டெல்லி ஆர்.கே.புரத்தில் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் மாடி வீட்டில் குடியிருந்தோம். எனக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. கணவர் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் கிளார்க். காலை எட்டே முக்காலுக்கு பஸ் பிடிக்கப் போனால் மாலை ஆறரைக்குத்தான் திரும்புவார். அதுவரை நானும் நாலு சுவரும்தான். எனக்கோ ஓரிடத்தில் உட்காரவே வராது. துடைத்த அலமாரியையே மறுபடி துடைப்பேன், பால்கனிக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பேன். பேசலாம் என்றால் ஹிந்தி தெரியாது. தெரிந்த பத்துப் பதினைந்து வார்த்தைகளை வைத்துக்கொண்டு காய்கறி வண்டிக்காரரிடம் பேசினால் பக்கத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். நான் ரோஷக்காரி. சிரிக்கிறார்கள் என்று தெரிந்ததும் பேசுவதையே நிறுத்திக்கொண்டேன்.

என் பேச்சைக் கேட்டுச் சிரிக்காத ஒரே ஜீவன் ஷேரு. கீழ் வீட்டுப் பஞ்சாபி அம்மாவின் நாய். அந்த அம்மாவை நான் ஆன்ட்டிஜி என்று கூப்பிடுவேன். அவருடைய கணவர் பெரிய பதவியில் இருந்தார், மாதத்தில் பாதி நாள் டூர். பையன்கள் இருவரும் வெளியூரில் ஹாஸ்டலில் படித்தார்கள். அதனால் வீட்டில் ஆன்ட்டிஜியும் ஷேருவும் மட்டும்தான். எங்கள் படிக்கட்டிலேயே டெலிபோன் இருந்த வீடும் அது ஒன்றுதான்.

ஷேரு என்றால் சிங்கமாம். பூனையைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடும் சிங்கம். தவிட்டு நிறம், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும், ஜாதி நாயெல்லாம் இல்லை. காலை ஏழரைக்கு என் தோசைக்கல் சத்தம் கேட்டதும் படியேறி வந்து வாசலில் நின்றுவிடும். முதல் தோசை அதற்குத்தான். யார் எதைக் கொடுத்தாலும் ஒன்றுக்கு இரண்டு தடவை மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைக்கும். ஆன்ட்டிஜி கொடுத்தாலும் அப்படித்தான். என் கையில் இருப்பதை மட்டும் மோந்து பார்க்காது, அப்படியே வாங்கிக்கொள்ளும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. 'உக்காருடா', 'இர்றா வாரேன்' எல்லாம் அதற்குப் புரியும். பஞ்சாபி வீட்டு நாய் எங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்துத் தமிழைக் கற்றுக்கொண்டுவிட்டது. நான்தான் ஹிந்தி கற்றுக்கொள்ளவில்லை.

ஒரு வியாழக்கிழமை ராத்திரி நல்ல இடி மழை. மறுநாள் காலை பால் பூத்துக்குப் போய்த் திரும்பும்போது, குவார்ட்டர்ஸுக்கு நடுவில் இருந்த பூங்காவின் புல்லில் காளான் முளைத்திருந்ததைப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று, உள்ளங்கை அகலத்துக்குக் குடை விரித்து, வட்டமாக ஒரு கூட்டம். எனக்குக் கால் நகரவில்லை. எங்கள் வீட்டில் எல்லோருக்குமே காளான் பைத்தியம். இடி இடித்த மறுநாள் வேறு குழம்பே வைக்கமாட்டார்கள். டெல்லி வந்ததிலிருந்து நான் அதைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. இங்கே இத்தனை பேர் வாக்கிங் போகிறார்களே, ஒருத்தருக்கும் இதன் அருமை தெரியவில்லையே என்று மற்றவர்களை நினைத்துப் பரிதாபப்பட்டுக்கொண்டே முந்தானை நிறையப் பறித்துக்கொண்டேன். தூரத்தில் பாத்தி கொத்திக்கொண்டிருந்த பூங்காத் தோட்டக்காரர் நிமிர்ந்து பார்த்து, வேண்டாம் என்பது போலக் கையை ஆட்டினார். பூங்காவில் எதையும் பறிக்கக் கூடாது என்கிறாராக்கும் என்று நினைத்து வேகமாக நடையைக் கட்டினேன்.

வீட்டுக்கு வந்து அலசும்போது குடைக்கு அடியில் லேசாக ஒரு பச்சை தெரிந்தது. புல்லின் சாயம் ஏறியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆசை வந்துவிட்டால் சமாதானத்துக்கா பஞ்சம். முறைப்படி சோதனையும் செய்தேன். மஞ்சள் தூளைப் போட்டு வேக வைத்தேன், நிறம் மாறவில்லை. வெள்ளி மெட்டியைக் கழற்றி அந்தத் தண்ணீரில் போட்டேன், கறுக்கவில்லை.

இவை தவிர எங்கள் வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. அம்மா செய்வார், சித்திகள் செய்வார்கள், அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை. வெந்ததில் நாலு துண்டை எடுத்து முதலில் நாய்க்குப் போடுவார்கள். குழம்பு கொதித்து இறக்கும் வரை நாய் நன்றாக இருந்தால் வீட்டில் எல்லோரும் சாப்பிடலாம். அடுப்பைப் பற்ற வைக்கும் முன் அரிசியில் கல் பொறுக்குவது போல அதுவும் சமையலில் ஒரு வேலை, அவ்வளவுதான். எந்த நாய், அதற்கு என்ன ஆகும் என்று நான் யோசித்ததே இல்லை.

ஏழரைக்கு ஷேரு வந்தது. கடுகு தாளித்து வதக்கிய காளானில் ஒரு பிடியை எடுத்துத் தோசைக்குள் மடித்து நீட்டினேன். மோந்து பார்க்காமல் வாங்கிக்கொண்டது.

நான் சாப்பிடவில்லை. அன்று வெள்ளிக்கிழமை. மலை மந்திரில் முருகனைக் கும்பிட்டு வரும் வரை தண்ணீர் தவிர எதுவும் வாயில் வைப்பதில்லை என்று விரதம். குழம்புக்கு உப்புகூடப் பார்க்கவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் காளான் சரியா என்று பார்க்க அந்த வீட்டில் என் நாக்குக்குப் பதில் ஒரு நாயின் நாக்கு இருந்தது, அதைத்தான் நான் பயன்படுத்தினேன்.

எட்டரை மணிக்கு ஷேரு படியில் காலை நீட்டிப் படுத்திருந்தது. அதைக் காட்டி, "பாருங்க, ஷேரு தின்னு ஒரு மணி நேரமாச்சு, கல்லாட்டம் இருக்குது" என்று கணவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவரும் சிரித்தார். டப்பாவில் சாதமும் காளான் குழம்பும் கட்டிக் கொடுத்தேன். அவருடைய செக்‌ஷனில் நாலைந்து தமிழர்கள் சேர்ந்து உட்கார்ந்து ஒருவர் டப்பாவிலிருந்து ஒருவர் எடுத்துச் சாப்பிடுவார்கள். அதனால் குழம்பைக் கொஞ்சம் கூடவே வைத்திருந்தேன்.

ஒன்பதே முக்கால் இருக்கும். துணி உலர்த்தப் பால்கனிக்குப் போனவள் கீழே பார்த்தேன். வேப்ப மரத்தடியில் ஷேரு முதுகைக் குறுக்கிக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது. எடுத்துவிட்டு நாலடி நடந்தது, மறுபடி எடுத்தது. அப்புறம் பின்னங்கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டது. வாயிலிருந்து நுரையாக வழிந்தது.

முதலில் நினைவுக்கு வந்தது ஷேரு அல்ல, டப்பா. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஈரத் துணியை அப்படியே போட்டுவிட்டுச் செருப்புகூடப் போடாமல் கீழே ஓடி ஆன்ட்டிஜி வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் கதவைத் திறப்பதற்குள், சத்தம் கேட்டோ என்னவோ, ஷேருவும் தள்ளாடிக்கொண்டு என் பின்னால் வந்துவிட்டது. "ஆன்ட்டிஜி, போன்" என்றேன். அவர் போனைக் காட்டிவிட்டு ஷேருவைப் பார்த்ததும், "ஹாய், இஸ்கோ க்யா ஹுவா", ஐயோ இதற்கு என்ன ஆச்சு என்று பதறி, அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

டயலைச் சுற்றினேன். எங்கேஜ்ட். மறுபடி சுற்றினேன். எங்கேஜ்ட். நடுவில் ஒரு எண்ணைத் தப்பாகச் சுற்றி, முதலிலிருந்து ஆரம்பித்தேன். பின்னால் ஷேரு ஓங்கரிக்கும் சத்தம். அலுவலகத்தில் மதியச் சாப்பாடு ஒரு மணிக்கு என்றாலும் பதினோரு மணி டீக்கே சிலர் டப்பாவைத் திறந்துவிடுவார்கள் என்று கணவர் சொன்னது ஞாபகம் வந்தது. ஐந்தாவது தடவை யாரோ எடுத்தார்கள். என் ஹிந்தியில் பெயரைச் சொல்லிக் கேட்டேன். இருங்கள் என்றார்கள். அவர் வந்து, "ஹலோ" என்பதற்குள் எனக்கு ஒரு யுகம் போய்விட்டது.

"ஏனுங்க, அந்தக் காளாங் கொழம்பைத் தொட்றாதீங்க. யாருக்கும் குடுத்தறாதீங்க. கொண்டுபோயிக் கொட்டிப்போடுங்க."

"ஏம்புள்ள, என்னாச்சு?"

"காலையில ஷேருக்குக் குடுத்துப் பாத்தனல்லோ, இப்ப அது வாந்தி எடுக்குது. நுரை தள்ளுது."

"நான் இன்னும் தொடுல, பயப்படாத. நீயி தின்னியா?" என்றார். இல்லை என்றேன். "செரி. நாயி எப்படி இருக்குது? அவுங்ககிட்டச் சொல்லிட்டியா?" என்று அடுத்துக் கேட்டார். அதற்கு நான் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன்.

திரும்பினால் ஆன்ட்டிஜி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தமிழில் பேசியதில் அவருக்குப் புரிந்தது ஒரே ஒரு வார்த்தை. "ஷேருவைப் பற்றி என்ன சொன்னாய்?" என்று கேட்டார். ஷேருவுக்கும் அந்த வார்த்தை புரிந்திருந்தது. அந்த நிலைமையிலும் தன் பெயரைக் கேட்டு வாலைத் தரையில் ஒரு தடவை தட்டியது.

"தபியத் கராப், அதைத்தான் சொன்னேன்" என்றேன். உடம்பு சரியில்லை என்று. சொன்னது பொய் இல்லை. அந்த நிமிஷத்தில் அதைவிடப் பெரிய பொய்யும் இல்லை.

ஆன்ட்டிஜி அதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். பூங்காத் தோட்டக்காரர்தான் விஷம் வைத்துவிட்டார் என்றார். பூப்பாத்தியை ஷேரு தோண்டுகிறது என்று போன வாரம் வந்து அவர் சண்டை போட்டிருந்தாராம். எலி மருந்தாகத்தான் இருக்கும் என்றார். பழைய போர்வையில் ஷேருவைச் சுற்றி நானும் அவருமாகத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடிக்கப் போனோம். போகிற வழியில் அந்தத் தோட்டக்காரர் குழாயை வைத்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஆன்ட்டிஜி அங்கேயே நின்று, நாலு வீட்டு ஆட்கள் பால்கனிக்கு வந்து பார்க்க, அவரைப் பிடித்து ஏசினார். வேலையை விட்டே தூக்க வைக்கிறேன் என்றார். அந்த மனிதர் குழாயைக் கையில் பிடித்தபடி நின்றார். பிறகு அவர் பார்வை என் மேல் விழுந்தது. காலையில் என் முந்தானை நிறைந்திருந்ததைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். நான் போர்வையைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டேன்.

கால்நடை டாக்டர் பக்கத்து காலனியில் இருந்தார். ஆட்டோவில் பத்து நிமிஷம். ஷேருவின் தலை என் மடியில். அது நடுங்குவது என் தொடையில் தெரிந்தது. புடவையெல்லாம் நுரை. இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. ஒவ்வொரு திருப்பத்திலும் அடுத்த திருப்பத்தில் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். எந்த ஹிந்தியில் சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று யோசிப்பதாக எனக்கு நானே நடித்துக்கொண்டேன். மொழி அல்ல பிரச்சினை, எனக்கு வெட்கமாக இருந்தது. இந்தப் பெண் எங்கள் நாயை வைத்தா சோதித்துப் பார்த்தாள் என்று அவர் கேட்பார்.

டாக்டர் ஷேருவின் கண் இமையை விலக்கிப் பார்த்தார், ஈறைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "என்ன சாப்பிட்டது?" என்று கேட்டார். "எலி மருந்து, டாக்டர் சாஹிப், தோட்டக்காரன் வைத்துவிட்டான்" என்றார் ஆன்ட்டிஜி. "நீங்கள் பார்த்தீர்களா?" என்றார் டாக்டர். இல்லை, ஆனால் நிச்சயம் அதுதான் என்றார் ஆன்ட்டிஜி. டாக்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டே கம்பவுண்டரிடம் ஏதோ ஒரு ஊசி மருந்தின் பெயரைச் சொன்னார். கம்பவுண்டர் அலமாரியைத் திறந்தார்.

அந்த அலமாரிக் கதவு கிறீச்சிட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் வாயைத் திறக்காவிட்டால் இல்லாத விஷத்துக்கு மருந்து போகும். இருக்கிற விஷம் உள்ளேயே இருக்கும்.

"நஹீ" என்றேன். எல்லோரும் திரும்பினார்கள். காளானுக்கு ஹிந்தியில் என்ன என்று எனக்குத் தெரியாது. "மஷ்ரூம். பூங்காவில் இருந்தது. நான்தான் கொடுத்தேன். காலை ஏழரைக்கு." இலக்கணமெல்லாம் சரியாக இருந்திருக்காது. ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

டாக்டர் ஆங்கிலத்துக்கு மாறி அடுக்கடுக்காகக் கேட்டார். எவ்வளவு கொடுத்தாய், வேக வைத்ததா, குடைக்கு அடியில் என்ன நிறம். பச்சை என்றேன். வீட்டில் வேறு யாராவது சாப்பிட்டார்களா என்றார். இல்லை என்றேன். கணவர் டப்பாவில் இருந்ததைப் போன் செய்து தடுத்துவிட்டேன் என்றும் சொன்னேன். டாக்டர் முதலில் சொன்ன ஊசியை வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, கரித்தூளைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டச் சொன்னார். தோலுக்கு அடியில் சலைன் ஏற்றினார். மழைக்காலத்தில் புல்வெளியில் வரும் இந்த ஜாதிக் காளான் வயிற்றைப் புரட்டிப் போட்டுவிடுமாம். உடம்பில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் பிழைத்துவிடும் என்றார்.

அதே மூச்சில் என்னைத் திட்டவும் செய்தார். மஞ்சள், வெள்ளி, பூண்டு எதுவும் காளானின் விஷத்தைக் காட்டாது. நாய் தின்று நன்றாக இருந்தாலும் அது சாட்சி இல்லை. சில விஷம் ஒரு மணி நேரத்தில் தெரியும், சில காளான் ஒரு நாள் கழித்து ஈரலைத் தின்ற பிறகுதான் தெரியும், அப்போது நாயும் போயிருக்கும் நீயும் போயிருப்பாய் என்றார். வெளியில் முளைப்பதை நாய்க்கும் கொடுக்காதே, நீயும் தின்னாதே, நாய் தானாகத் தின்றுவிட்டால் அதில் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு உடனே ஓடி வா என்றார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

ஆன்ட்டிஜி கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் ஷேருவின் மடங்கிய காதைத் தடவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், மெதுவாகக் கேட்டார். "உன் வீட்டுக்காரரைக் காப்பாற்ற என் வீட்டுப் போனுக்குத்தானே ஓடி வந்தாய். அப்போது இதுவும் பக்கத்தில்தான் கிடந்தது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, மகளே?"

கொடுத்ததை அவர் கேட்கவில்லை. மறைத்ததைத்தான் கேட்டார். நான் அழுதேன். அவரும் அழுதார். ஆனால் இரண்டு பேரும் தனித்தனியாகத்தான் அழுதோம்.

சாயங்காலம் ஷேருவைத் தூக்கிக்கொண்டு திரும்பினோம். அது கண்ணைத் திறந்திருந்தது, அவ்வளவுதான். எனக்கு விரதமும் ஞாபகமில்லை, கோவிலும் ஞாபகமில்லை. ஆன்ட்டிஜி நேராகப் பூங்காவுக்குப் போய்த் தோட்டக்காரரிடம் மன்னிப்புக் கேட்டார். நானும் பின்னால் போய் நின்று, தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர், "நான் காலையிலேயே கையை ஆட்டினேனே, அது ஜங்லி, காட்டுக் காளான் என்று" என்றார். பிறகு குழாயைச் சுருட்ட ஆரம்பித்தார்.

அடுத்த நாலு நாள் எனக்குத் தூக்கமும் இல்லை, வேலையும் ஓடவில்லை. கணவர், "நானுந்தான் சிரிச்சேன், உன்ற தப்பு மட்டுமில்ல" என்று சொல்லிப் பார்த்தார். ஆறுதலாகத்தான் இருந்தது, போதவில்லை. ஆன்ட்டிஜியைப் படியில் பார்த்தால் ஒதுங்கி வழி விடுவார், பேசமாட்டார். கீழே கதவு திறக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஓடிப்போய் எட்டிப் பார்ப்பேன். ஷேரு வெளியே வந்து, வேப்ப மரம் வரை மெதுவாக நடந்து, திரும்பிப் போய்விடும். நான் கூப்பிடவில்லை. கூப்பிட எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தோன்றியது. அந்த நாட்களில் தோசையே வார்க்கவில்லை, உப்புமா கிளறியே ஓட்டினேன்.

ஐந்தாம் நாள் கணவர் கேட்டார் என்று தோசைக்கல்லைப் போட்டேன். மாவு விழுந்த சத்தம் அடங்குவதற்குள் வாசலில் நகம் உரசும் சத்தம் கேட்டது. ஷேரு நின்றுகொண்டிருந்தது. விலா எலும்பு தெரிந்தது. படியேறிய களைப்பில் மூச்சு வாங்கியது. வால் மட்டும் பழையபடி ஆடியது.

தோசையை எடுத்தேன், கை நீளவில்லை. மோந்து பாருடா, ஒரு தடவையாவது மோந்து பாருடா என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே நீட்டினேன். அது மோந்து பார்க்கவில்லை. வாயைத் திறந்து அப்படியே வாங்க வந்தது. எனக்குத் தாங்கவில்லை. சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, தோசையில் ஒரு விள்ளலைப் பிய்த்து அதன் கண் முன்னால் நான் தின்றேன். மென்று விழுங்கிவிட்டு மிச்சத்தைக் கொடுத்தேன்.

நிமிர்ந்தால் நாலு படி கீழே ஆன்ட்டிஜி, கையில் ஷேருவின் சங்கிலியுடன். தேடிக்கொண்டு வந்திருக்கிறார். நான் தின்றதையும் கொடுத்ததையும் பார்த்திருக்கிறார். அப்புறம், "இன்னொன்றும் போடு. நாலு நாளாக எதையும் சரியாகச் சாப்பிடவில்லை" என்று சொல்லிவிட்டு, சங்கிலியைப் படிக்கட்டுக் கைப்பிடியில் மாட்டிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

டெல்லியை விட்டு வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இப்போதும் தெருவில் ஏதாவது ஒரு நாய் வாலாட்டிக்கொண்டு வந்தால் ஒரு விள்ளல் நான் தின்றுவிட்டுத்தான் அதற்குப் போடுகிறேன். பார்ப்பவர்கள் என்ன பழக்கம் இது என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். என் கையை மோந்து பார்க்காத ஒரு ஜீவனுக்காக, அந்தக் கையை நானே சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.